கரண்டிக்குள் ஒரு கணக்கு

பானை வீட்டில் இருக்கிறது

சரீரம் பருத்துவிட்டதே என்று வைத்தியரைத் தேடிப் போகிறவர் தாம் மட்டுமே போகிறாரேயன்றி, அவரைப் பருக்கவைத்த சோற்றுப் பானையும், எண்ணெய்த் தூக்கும், ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று வற்புறுத்திப் பரிமாறும் அன்புக் கையும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. மயிலாப்பூருக்குக் கூப்பிடு தூரத்தில், கோபாலபுரத்து மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் உணவியல் ஆராய்ச்சியை நடத்திவரும் டாக்டர் வி. சுதா, பல்லாண்டுகளாக அந்தப் பானையையும் கரண்டியையுமே விசாரித்து வருகிறார்.

‘கொஞ்சந்தான்’ எவ்வளவு?

2001-இல் அந்த அறக்கட்டளையின் டாக்டர் வி. மோகன் தலைமையில் தொடங்கிய ஆய்வு, சென்னை நகரில் 26,001 பேரை உட்படுத்தியது. ஆகார விஷயத்தில் விசாரணை அத்தனை சுலபமா? எவ்வளவு சாதம் என்று கேட்டால் ‘கொஞ்சந்தான்’ என்பதே நம்மவர் விடை; கூச்சத்தில் பிறந்த அந்தச் சொல்லை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. ஆகவே 222 பதார்த்தங்களை அடுக்கிய வினாத்தாளை வைத்துக்கொண்டு, கிண்ணம், கரண்டி, ஸ்பூன் என்று வீட்டில் புழங்கும் அளவைகளைக் கொண்டே, ஒவ்வொரு வேளைக்கும் கேட்டு எழுதினார்கள். நகரவாசி பெறும் சக்தியில் ஏறத்தாழப் பாதி, தவிடு நீங்கிய தானியத்திலிருந்து, அதிலும் பெரும்பாலும் வெள்ளரிசியிலிருந்து வருகிறது என்பதும், அதை மிகுதியாக உண்டவர்களுக்கு இடைச் சுற்றளவும், ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடியிருந்தன என்பதும் அப்படித்தான் தெரியவந்தன.

வெண்மையின் கௌரவம்

தவிடு நீக்காத அரிசியை உண்ணுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் மல்லிகைப்பூப் போன்ற சாதமே விருந்தின் கௌரவம் என்று நம்பும் ஊரில் பழுப்புச் சோற்றை இலையில் இடுவது யார்? 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தீட்டிய அரிசியே உசத்தி என்று சென்னைவாசிகள் சொன்னார்கள். ருசி பார்த்து, நன்மையையும் கேட்டறிந்த பிறகு பலர் மனம் இசைந்தார்கள். இசையாதவர்களையும் கைவிடாமல், நார்ச்சத்து மிகுந்த வெள்ளரிசி ஒன்றையே இந்நிறுவனத்தார் உருவாக்கினார்கள். சர்க்கரையை உயர்த்தும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் எண் சாதாரண அரிசிக்கு 79 என்றால், இதற்கு 61. நிறத்தோடு சண்டையிடாமல் சத்தைச் சேர்த்த இந்த யுக்தியை நான் மெச்சுகிறேன்.

இடுப்பின் அளவு

நம் தேகவாகுக்கு உடல் எடைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடை வயிற்றுப் பருமன். இதே நிறுவனத்தார் 2023-இல் வெளியிட்ட அகில இந்திய ஆய்வில் வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு 39.5.

நடைக்குப் பின் பொங்கல்

நாகேஸ்வரராவ் பூங்காவில் விடியற்காலையில் பத்துச் சுற்று நடந்துவிட்டு, நேரே நெய்ப் பொங்கலும் வடையும் தேடிப் போகும் நண்பர்களை நான் அறிவேன். குறை கூறமாட்டேன், நானும் கூடப் போயிருக்கிறேன். லஸ் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி மட்டும், யாருக்கும் உபதேசம் செய்யாமல், சாதம் பரிமாறும் பெரிய கரண்டியைப் பரணில் போட்டுவிட்டு, அதை இனிக் கூட்டுக்குத்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். மாமா மூன்று நாள் முணுமுணுத்தார். நாலாம் நாள், “அந்தப் பெரிய கரண்டியை இறக்கேன், கூட்டு நன்றாயிருக்கிறது” என்றாராம்.