மெலிந்த குழந்தையிலும் மறைந்திருக்கும் கொழுப்பு

வேலந்தாவளம் சோதனைச் சாவடியின் இருபுறமும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தை பூசினாற்போல் இருந்தால் நிறைவு. எலும்பு தெரிந்தால் கவலை. அங்கன்வாடித் தராசு காட்டும் எடையைவிடப் பாட்டியின் பார்வைக்கே வீட்டில் மதிப்பு அதிகம். ஆயினும் அந்த எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதைப் பார்வையும் தராசும் காட்டுவதில்லை.

கொழுப்பு வெறும் சேமிப்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வைப்புத்தொகை போன்றது என்று வாசகர்கள் கொள்ளலாம். ஆனால் இந்த வைப்பு தன் இருப்பைத் தானே அறிவிக்கும். 1994-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் ஹார்மோனுக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்புச் செல்களில் சுரக்கும் லெப்டின், சேமிப்பின் அளவை மூளைக்குத் தெரிவிக்கிறது. அச்செய்தியால் பசி அடங்குகிறது. பருவமடைவதற்கும் அது தேவைப்படுகிறது. பருவம் வந்தபின் ஈஸ்ட்ரோஜன் பெண்ணுடலின் இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. டெஸ்டோஸ்டிரோன் ஆண்பிள்ளைக்குத் தசையைக் கூட்டுகிறது. ஆகவே, பூப்பெய்தும் வயதில் சற்றே பருக்கும் பெண்ணை உறவினர்கள் கேலி செய்வது அறியாமையே.

நம் நாட்டில் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. புனேயின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், அந்நகரை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. தசை பெரிதும் குறைந்திருந்தது. தோள்பட்டைக்குக் கீழுள்ள கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. புனே நகரக் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் லண்டன் குழந்தைகளைவிட மிகுந்திருந்தது. 2004-இல் அவர் தம்மையே சான்றாக்கினார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு அவருக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினுக்கும் 22.3 தான். உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு!

அதே 2004-இல் வெளிவந்த தில்லி ஆய்வு பெற்றோர் அறியவேண்டியது. பிறப்பிலிருந்து தொடர்ந்து அளக்கப்பட்ட 1,492 பேரில், இளம் வயதிலேயே நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டவர்கள் பெரும்பாலும் இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, பின்னர் விரைவாக எடை கூடியவர்கள். பன்னிரண்டு வயதில் அவர்களுள் ஒருவரும் உடற்பருமன் உடையவராக இல்லை.

இதனால் மெலிந்த கைக்குழந்தைக்கு உணவைக் குறைக்கலாகாது. முதல் இரண்டாண்டுகளில் தாய்ப்பாலும் பருப்பும் முட்டையும் அவசியம். பள்ளி செல்லும் வயதில் 'தேறவில்லையே' என்று இனிப்புப் பானங்களையும் பேக்கரிப் பண்டங்களையும் திணிப்பதுதான் ஆபத்து. எடையோடு உயரத்தையும் குறித்துவைத்தல் வேண்டும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுவது நன்று.

பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருப்பதை அழுக்கென்று எண்ணிப் பல தாய்மார்கள் பீர்க்கநாரால் தேய்க்கின்றனர். அது தேய்த்தால் போகாது. பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளம் அது. அத்தகைய குழந்தைக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டும்.