கடற்காகங்களின் இறகுதிர்ப்பு

இறகுதிர்ப்பு என்பது பறவைகளின் தேய்ந்த இறகுகள் விழுந்து புதிய இறகுகள் முளைக்கும் நிகழ்வு ஆகும். கடற்காகங்களில் இது ஒவ்வோர் இனத்திற்கும் உரிய காலத்திலும் வரிசையிலும் நடைபெறுகிறது. ஆகவே, வழிதவறி வந்த கடற்காகம் ஒன்றின் பிறப்பிடத்தை ஆராய இது சான்றாகப் பயன்படுகிறது.

நடைபெறும் முறை

பெரும்பாலான கடற்காகங்கள் இனப்பெருக்கத்தை ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இறகுகளையும் மாற்றுகின்றன. அடுத்த இனப்பெருக்கத்திற்கு முன் தலை, உடல் இறகுகள் பகுதியளவில் மீண்டும் மாறும். குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்தின் வெண்ணிறத் தலை பின்னர்ப் பழுப்பாவது இதனாலேயே ஆகும். சிறகின் 10 முதன்மைப் பறப்பிறகுகளும் உட்புறத்திலிருந்து சிறகு நுனியை நோக்கி வரிசையாக மாறுகின்றன. இதற்குப் பல மாதங்கள் ஆகும்.

இனங்களுக்கிடையே வேறுபாடு

இந்தியாவிற்கு வலசை வரும் காசுபியன் கடற்காகமும் ஹியூக்ளின் கடற்காகமும் தோற்றத்தில் ஒத்தவை. தெற்கே, முன்னதாகவே கூடு கட்டும் காசுபியன் கடற்காகம் குளிர்காலத் தொடக்கத்திலேயே பறப்பிறகுகளை மாற்றி முடிக்கிறது. உருசியத் தூந்திரப் பகுதியில் கூடு கட்டும் ஹியூக்ளின் கடற்காகத்தில் நுனி இறகுகள் சனவரிக்குப் பின்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பிராங்கிளின் கடற்காகம் ஆண்டுக்கு இருமுறை முழுமையாக இறகுதிர்க்கிறது.

ஓரிடத்தான் ஆய்வு

இறகு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வளர்ந்து முடிந்த இறகின் வேதியியல் அமைப்பு பின்னர் மாறுவதில்லை. மழைநீரில் உள்ள டியூட்டிரியத்தின் அளவு நிலநேர்க்கோட்டிற்கும் உயரத்திற்கும் ஏற்ப வேறுபடுகிறது. இவ்வேறுபாடு உணவின் வழியாக இறகில் பதிகிறது. ஆனால் இது இறகு வளர்ந்த இடத்தையே காட்டும். ஹியூக்ளின் கடற்காகத்தின் உள்ளிறகு வடக்கிலும் நுனி இறகு வலசை வந்த நாட்டிலும் வளர்ந்திருக்கலாம். எனவே எந்த இறகு எங்கு வளர்ந்தது என்பதை இறகுதிர்ப்பு வரிசையைக் கொண்டே முடிவு செய்ய இயலும். முதலாண்டுப் பறவையின் பறப்பிறகுகள் பிறந்த இடத்தில் வளர்ந்தவையாதலால் அவை தெளிவான சான்றாகும்.

வரம்புகள்

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியில் சனவரியில் பெரிய கடற்காகம் ஒன்று காணப்படுவதாகக் கொள்வோம். சிறகு நுனி வளர்ந்துகொண்டிருப்பதை மட்டும் கொண்டு அதன் இனத்தை உறுதி செய்யலாகாது. இனப்பெருக்கம் செய்யாத இளம்பறவைகள் முதிர்ந்தவற்றைவிட முன்னதாக இறகுதிர்க்கின்றன. நோயும் உணவுக் குறைவும் இறகுதிர்ப்பைத் தாமதப்படுத்தும். கடலுணவு உண்ட பறவையின் இறகில் மழைநீரின் அடையாளம் தெளிவாக இராது. ஆகவே முதலில் வயதைக் கணித்து, அலகு, கால், முதுகின் நிறம் ஆகியவற்றுடன் ஒப்பிட வேண்டும். விரித்த சிறகின் ஒளிப்படமும் அது எடுக்கப்பட்ட நாளும் இதற்கு இன்றியமையாதவை.