பித்தளை தட்டும் பறவை

ஆவடி சேக்காட்டில் வெயில் ஏறும் நேரம். கொல்லைப்புறத்து அரச மரத்திலிருந்து 'டொக்... டொக்... டொக்...' என்று ஒரே தாளத்தில் சத்தம். பாத்திரத்தை யாரோ தட்டி நிமிர்த்துகிறார்களோ என்று தோன்றும். தட்டுவது ஒரு பறவை. பெயர் செம்மார்பு குக்குறுவான். ஆங்கிலேயர் இதற்கு வைத்த பெயரும் செப்புக் கொல்லன் என்ற பொருளில்தான்!

நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தட்டு, சளைக்காமல். அலகைத் திறப்பதே இல்லை. தொண்டைதான் உப்பி உப்பி அடங்கும். கூவும்போது தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால், சத்தம் ஒரு தடவை வேப்ப மரத்திலிருந்து வருவது போலவும், மறு தடவை பக்கத்து வீட்டு மாடியிலிருந்து வருவது போலவும் ஏமாற்றும். காதை நம்பி ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலிதான் மிச்சம். இலையில்லாத உச்சிக் கிளையைப் பாருங்கள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிது. பச்சை உடல், மஞ்சள் தொண்டை, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு. ஆல், அரசம்பழம் என்றால் உயிர். பட்ட கிளையைக் குடைந்து கூடு வைக்கும்.

இன்னும் சந்தேகமா? கைப்பேசியில் ஒலியைப் பதிவுசெய்தால், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் இலவசமாகத் தரும் மெர்லின் செயலி பெயரை ஊகித்துச் சொல்லும். போர் மோட்டாரை மட்டும் நிறுத்திவிட்டுப் பதிவுசெய்யுங்கள்.