ஆயிரம் வெள்ளி 800 வெள்ளியான கதை: கையெழுத்துக்கு முன் மூன்று கணக்கு

தாப்பா, பீடோர் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில், சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி, "இதை எதில் போடுவது?" என்பதுதான். அதற்குப் பதில் தேடும் முன், நம் சமுதாயம் ஏற்கெனவே செலுத்திய ஒரு பாடக் கட்டணத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது.

1982இல் ம.இ.கா.வின் முயற்சியில் மைக்கா ஹோல்டிங்ஸ் உருவானது. இந்தியர்களுக்கும் நாட்டின் பொருளாதாரத்தில் பங்கு வேண்டும் என்பது நல்ல நோக்கம். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. ஒரு பங்கு 1 வெள்ளி. 2010இல் ஜி டீம் நிறுவனம் அப்பங்குகளை வாங்க முன்வந்தபோது கொடுத்த விலை 80 காசு.

முதல் கணக்கு: லாப நட்டம்

1,000 வெள்ளி போட்டவருக்கு 800 வெள்ளி. நட்டம் 200, அதாவது 20 விழுக்காடு. இடையில் கிடைத்த லாப ஈவு இருந்தால் அதைக் கூட்டிக் கொள்ளலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். 800 மறுபடியும் 1,000 ஆக, 20 விழுக்காடு வளர்ந்தால் போதாது. 25 விழுக்காடு வளர வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவது கடினம்.

இரண்டாவது கணக்கு: கூட்டு வட்டி

அதே 1,000 வெள்ளி ஆண்டுக்கு 5 விழுக்காட்டில், வட்டியை எடுக்காமல் 25 ஆண்டுகள் இருந்திருந்தால்? ஒவ்வோர் ஆண்டும் 1.05ஆல் பெருக்கிக்கொண்டே வந்தால் விடை சுமார் 3,386 வெள்ளி. அப்படிப் பார்த்தால் உண்மையான இழப்பு 200 வெள்ளி அல்ல. 2,500 வெள்ளிக்கும் மேல்! கால்குலேட்டர் இல்லாதவர்கள் 72ஐ வட்டி விகிதத்தால் வகுக்கலாம். பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் ஏறக்குறையத் தெரிந்துவிடும். 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டு. 8 என்றால் 9 ஆண்டு.

மூன்றாவது கணக்கு: விலைவாசி

பொருள் விலை ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டால், 24 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். கையில் வந்த 800 வெள்ளியால் அன்றைய 400 வெள்ளிச் சாமானைத்தான் வாங்க முடியும்.

இன்று யாராவது வீடு தேடி வந்து, "மாதம் 5 விழுக்காடு லாபம் நிச்சயம்" என்றால், இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். லாபத்தையும் சேர்த்து முதலீடு செய்தால் ஆண்டுக்குச் சுமார் 80 விழுக்காடு! ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த ஈவு 6.30 விழுக்காடு. அவ்வளவு பெரிய வாரியத்தால் முடியாதது, வாசலில் நிற்பவருக்கு எப்படி முடிகிறது? பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொரு கேள்வியும் உண்டு: "என் பணத்தில் எதை வாங்குவீர்கள்?" 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அதற்கான பதில் தொழிலாளியின் கண்முன்னே இருந்தது. துண்டாடப்படவிருந்த தோட்டங்கள்தாம் அவை.

பணம் கேட்பவர் நம்மவரா என்பது இரண்டாம் பட்சம். அவர் காட்டும் கணக்கு சரிதானா என்பதே முதல் கேள்வி. அதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.