இடித்த வாசலுக்கு எத்தனை சாட்சிகள்?



சீனாவின் தலைநகரான பெய்ஜிங்கில், பழைய நகரத்தின் தெற்குக் கோடியில் யோங்டிங்மென் என்றொரு கோட்டை வாசல் நிற்கிறது. கீழே சாம்பல் நிறச் செங்கல் மேடை. அதன் நடுவே வளைவு வாசல். மேடைக்கு மேலே மூன்று வரிசை இறவாரங்களோடு இரண்டு மாடி மரக் கோபுரம். மொத்த உயரம் சுமார் 26 மீட்டர். பார்த்தவுடன், "அடேயப்பா, எத்தனை நூற்றாண்டுப் பழசோ!" என்று தோன்றும்.

ஆனால் அதன் வயது இருபது சொச்சம்தான். 2004-இல் கட்டத் தொடங்கி, 2005-இல் முடித்தார்கள். பழைய வாசலை 1957-லேயே இடித்துத் தள்ளியாகிவிட்டது. நடுவில் அரை நூற்றாண்டுக் காலம் அங்கே வாசலே கிடையாது. அப்படியென்றால், இல்லாமல் போன ஒன்றை எதைப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள்? அந்தத் துப்பறியும் கதைதான் இன்றைக்கு.

கட்டியது ஏன்? இடித்தது ஏன்?

1550-இல் அல்தான் கான் என்ற மங்கோலியத் தலைவர் படையோடு பெய்ஜிங் மதில் வரைக்கும் வந்துவிட்டார். மதிலுக்கு வெளியே தெற்கில் கடைவீதிகளும் குடியிருப்புகளும் இருந்தன. அவற்றுக்குக் காவல் இல்லை. மிங் வம்சத்துப் பேரரசர் ஜியாஜிங், நகரைச் சுற்றி இன்னொரு மதில் எழுப்ப உத்தரவிட்டார். நான்கு பக்கமும் கட்டுவதாகத்தான் திட்டம். பணம் போதவில்லை, தெற்குப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 1553-இல் எழுந்த அந்தத் தெற்கு மதிலின் நட்டநடு வாசல்தான் யோங்டிங்மென்.

பிறகு வாசலுக்கு முன்னால் வளைவாக இன்னொரு மதிலும் கட்டினார்கள். எதிரி வெளிக்கதவை உடைத்து உள்ளே வந்தால், நேரே நகருக்குள் போக முடியாது. நாலாபுறமும் சுவர் சூழ்ந்த முற்றத்தில் மாட்டிக்கொள்வான். மேலே நிற்கும் வில்லாளிகளுக்குக் குறி தப்பாது. பின்னாளில் இந்த முன்மதிலின் மேல் அம்பெய்யும் கோபுரம் ஒன்றும் எழுந்தது.

காலம் மாறியது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இந்த வாசலுக்கு வெளியே மாஜியாபு என்ற இடம் வரை ரயில் வந்தது. அங்கிருந்து வாசல் வரை 1899-இல் டிராம் வண்டியும் ஓடியது. பெய்ஜிங்கின் முதல் டிராம் அதுதான். அடுத்த ஆண்டு நடந்த கலவரத்தில் அது அழிந்தது.

1950-களில் நகரம் வேகமாக வளர்ந்தது. லாரியும் பேருந்தும் போக மதில் இடைஞ்சல் என்றார்கள். "இடிக்காதீர்கள், மதிலின் மேல் பூங்கா அமைக்கலாம்" என்று வாதாடினார் லியாங் சிசெங் என்ற கட்டடக் கலைஞர். அவர் பேச்சு எடுபடவில்லை. முதலில் முன்மதில் போயிற்று. 1957-இல் வாசலும் போயிற்று.

சரி, இனி சாட்சிகளை விசாரிப்போம்.

சாட்சி 1: புகைப்படம்

ஓஸ்வால்ட் சிரேன் என்ற கலை வரலாற்று அறிஞர் பெய்ஜிங்கின் மதில்களையும் வாசல்களையும் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்தார். 1924-இல் அவற்றை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். அந்தப் படங்களில் யோங்டிங்மென்னும் உண்டு.

படத்தைப் பார்த்து அளவு சொல்ல முடியுமா? முடியும். மிங் காலத்து மதில் செங்கல்லின் நீளம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. படத்தில் சுவரின் அகலத்துக்கு எத்தனை செங்கற்கள் என்று எண்ணிப் பெருக்கினால் சுவரின் அகலம் கிடைத்துவிடும். நீளம் தெரிந்த பொருள் ஒன்று அதே சுவரில் இருக்க வேண்டும். அதுதான் நிபந்தனை. தள்ளி நிற்கும் மரத்தையோ மனிதரையோ வைத்துக் கணக்குப் போட்டால் விடை தப்பாகிவிடும். தூரம் கூடக்கூட உருவம் சிறுத்துத் தெரியும் அல்லவா?

சாட்சி 2: அளவு வரைபடம்

இதுதான் மிக முக்கியமான சாட்சி. 1937-இல் நிபுணர்கள் வாசலை நாடா பிடித்து அளந்து வரைபடம் போட்டு வைத்திருந்தார்கள். தூணின் உயரம், உத்தரத்தின் நீளம், கூரையின் சரிவு எல்லாம் அதில் இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்து வாசல் போனது, தாள் பிழைத்தது. புகைப்படம் தோற்றத்தைக் காட்டும். மரத்தை எவ்வளவு நீளத்துக்கு அறுக்க வேண்டும் என்று தச்சருக்குச் சொல்வது வரைபடம்தான்.

சாட்சி 3: கல்

வாசலுக்குச் சற்று வடமேற்கே வேளாண்மைத் தெய்வத்துக்கான பழைய கோயில் வளாகம் இருக்கிறது. அங்கே 2003-இல் ஒரு கற்பலகை கிடைத்தது. அதில் யோங்டிங்மென் என்று சீன எழுத்தில் செதுக்கியிருந்தது. 1553-இல் வாசலின் நெற்றியில் பதித்த பெயர்ப்பலகை அது! இன்று வளைவுக்கு மேலே நீங்கள் பார்க்கும் பலகை, அந்தக் கல்லைப் பார்த்துச் செய்த நகல்.

சாட்சி 4: பழைய தொழில்நுட்பம்

வெளித்தோற்றம் சரி. உள்ளே எப்படிக் கட்டியிருந்தார்கள்? இதற்குச் சாட்சி சொல்பவை, பிழைத்து நிற்கும் மற்ற மிங் காலக் கட்டடங்கள்.

முதலில் மதில். வெளியே தெரிவது செங்கல். உள்ளே இருப்பது மண். மெல்லிய அடுக்காக மண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் அடுத்த அடுக்கு. இடிக்க இடிக்க இடையிலுள்ள காற்று வெளியேறும். மண் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் பூட்டிக்கொள்ளும். மழை கரைக்காமலிருக்க மேலே செங்கல் போர்வை.

மிங் காலத்தில் சில மதில்களின் சுண்ணாம்புச் சாந்தில் பசையரிசிக் கஞ்சியும் கலந்தார்கள். நான்ஜிங் நகர மதில் அப்படிப்பட்டது. அரிசி கலந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு எப்படித் தெரிந்தது? பள்ளியில் நீங்கள் செய்யும் அதே அயோடின் சோதனைதான்! மாவுச்சத்து இருந்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக இறுகும். அப்போது அரிசியிலுள்ள அமைலோபெக்டின் என்ற பொருள், படிகங்கள் பெரிதாக வளராமல் பார்த்துக்கொள்ளும். படிகம் சிறியதாக இருந்தால் இடைவெளி குறையும், சாந்து உறுதியாகும். ஜெஜியாங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2010-இல் இதை விளக்கி எழுதினார்கள்.

அடுத்தது கோபுரம். தூணுக்கும் கூரைக்கும் நடுவே, சின்னச் சின்ன மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருப்பார்கள். இதற்கு தௌகோங் என்று பெயர். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி, இன்னொன்றில் குடைந்த பள்ளத்தில் செருகிவிடுவார்கள். ஆணி தேவையில்லை. கனமான ஓட்டுக்கூரையின் எடையைத் தூண்களுக்குப் பிரித்து அனுப்புவது இதன் முதல் வேலை. இரண்டாவது வேலை நிலநடுக்கத்தின்போது. இணைப்புகள் இறுகப் பூட்டியவை அல்ல. அதனால் கட்டைகள் கொஞ்சம் அசைந்து உராய்ந்து, அதிர்வின் ஆற்றலைத் தின்றுவிடும். தூண்களும் தரையில் புதைந்தவை அல்ல. கல்லின் மேல் சும்மா நிற்பவை. தரை குலுங்கினால் தூண் சற்றே நகர்ந்துகொள்ளும்.

2017-இல் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். பெய்ஜிங் அரண்மனைக் கட்டடம் ஒன்றை ஐந்தில் ஒரு பங்கு அளவில் செய்து, அதிரும் மேடையில் வைத்துக் குலுக்கினார்கள். சுவர்கள் சரிந்தன, மரச்சட்டகம் நின்றது. "சுவர் விழுந்தாலும் வீடு விழாது" என்று சீனாவில் ஒரு பழமொழியே உண்டு.

புதிய வாசல் உண்மையா, போலியா?

நல்ல கேள்வி. இதைப் பற்றி அறிஞர்களே வாதிட்டுக்கொள்கிறார்கள். புதிய மரமும் செங்கல்லும் பழைய வரலாறு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. முன்மதிலும் அம்புக் கோபுரமும் திரும்ப எழவில்லை என்பதும் உண்மை.

ஆனாலும் வாசலின் இடம் முக்கியம். மணிக்கூண்டு, அரண்மனை, தியானன்மென் சதுக்கம் எல்லாம் வடக்கு தெற்காக 7.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே கோட்டில் அமைந்தவை. அந்தக் கோட்டின் தென்முனை யோங்டிங்மென். வாசல் இல்லாதபோது கோடு முடியும் இடமே தெரியவில்லை. 2024 ஜூலையில் நம் புது டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, இந்த நடுக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் 15 அங்கங்களில் இந்த மறுபிறவி வாசலும் ஒன்று.

என்னைக் கேட்டால், புதிய வாசலைப் போலி என்று சொல்லமாட்டேன். ஆனால் இடிக்காமல் காப்பாற்றியிருந்தால், இத்தனை விசாரணையே தேவைப்பட்டிருக்காது.

நீங்களும் செய்யலாம்

உங்கள் ஊரிலுள்ள பழைய மண்டபமோ, பள்ளிக்கூட வாசலோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அளவு நாடாவால் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, 1 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் கட்டத்தாளில் வரையுங்கள். எட்டாத உயரத்துக்கு, ஒரு செங்கல்லின் தடிமனை அளந்து, செங்கல் வரிசைகளை எண்ணிப் பெருக்குங்கள். மேலே ஏற வேண்டாம்; பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நேர் எதிரே நின்று ஒரு புகைப்படமும் எடுத்து, தேதி போட்டு ஆசிரியரிடம் கொடுத்து வையுங்கள். நாளை அந்தக் கட்டடத்துக்கு உங்கள் தாள்தான் சாட்சி.