செஞ்சி கோட்டை சுவரில் பெயர் கிறுக்கினால் 2 ஆண்டு ஜெயில்!

விழுப்புரம்:-

காதலி பெயரை ஆணியால் கீற செஞ்சி கோட்டை சுவர்தானா கிடைத்தது?

திண்டிவனம்-திருவண்ணாமலை ரோட்டில் பஸ்சில் போனாலே தெரியும் கோட்டை இது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 2025 ஜூலை 11-ந் தேதி "யுனெஸ்கோ" பாரம்பரிய பட்டியலில் சேர்ந்தது. அந்த 12 மராட்டிய கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

சிமெண்டு ஆகாது

பழைய சுவரில் இருப்பது சுண்ணாம்பு பூச்சு. கீறிய இடத்தில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்பு பூத்து பக்கத்து பூச்சும் உதிரும். சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊற வைத்து, குழைத்துத்தான் பூச வேண்டும். கிறுக்க ஒரு நிமிஷம்!

ரூ.1 லட்சம்

மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தை சிதைத்தால் முன்பு 3 மாத ஜெயில், ரூ.5 ஆயிரம் அபராதம். 2010-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம்.

கோட்டைக்கு போறவங்க கண்ணால பார்த்துட்டு வந்தா போதும். ஆணி வேண்டாம்!