வெளிநாட்டில் டீச்சர் வேலை: எந்தச் சான்றிதழ் உங்களுக்கு நிஜமாகவே தேவை?

"லண்டனில் டீச்சர் வேலை. பி.எட். போதும். அந்நாட்டு ஆசிரியர் சான்றிதழை நாங்களே வாங்கித் தருகிறோம். கட்டணத்தைத் தவணையில் செலுத்தலாம்."

ஆசிரியர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் இந்த மாதிரி செய்தி அடிக்கடி வந்து விழும். ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கணக்கு எடுத்துக்கொண்டு, வீட்டு வாடகையும் பிள்ளையின் ஃபீஸும் கட்டிவிட்டு மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவருக்கு இதைப் படித்ததும் மனசு கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அந்நாட்டு அரசு வாங்கும் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒரு பைசாகூடக் கிடையாது. இலவசம்.

அப்படியானால் ஏஜென்ட் எதற்குக் காசு கேட்கிறார்? படிவத்தை நிரப்பித் தருவதற்கு. அதை உங்கள் செல்போனிலேயே நீங்கள் செய்துவிடலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டு ஆசிரியர் வேலை என்றதும் நான்கு தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நீங்கள் இங்கே படித்து வாங்கிய பட்டமும் பி.எட்.டும் ஒன்று. அந்தத் தாள்கள் உண்மையானவை என்று அரசு போட்டுத் தரும் சான்றொப்பம் இன்னொன்று. அந்த நாட்டில் வகுப்பெடுக்க அந்த நாடு தரும் உரிமம் மூன்றாவது. விசா நான்காவது. ஒன்று கையில் இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது. உரிமம் கிடைத்தவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. வேலை கிடைத்தவருக்கு விசா உறுதி என்றும் இல்லை. "சர்டிபிகேட் வந்தாச்சு, அடுத்து டிக்கெட்தான்" என்று யாராவது சொன்னால், இந்த நான்கில் எதைச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இங்கிலாந்து: கியூ.டி.எஸ்.

இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதிநிலைக்கு கியூ.டி.எஸ். என்று பெயர். அந்நாட்டுக் கல்வித் துறையின் கீழ் வரும் டீச்சிங் ரெகுலேஷன் ஏஜென்சி இதை வழங்குகிறது. 2023 பிப்ரவரியில் இந்த ஆன்லைன் விண்ணப்பச் சேவை இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. நைஜீரியா, கானா, ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளும் அதே நேரத்தில்தான் பட்டியலில் சேர்ந்தன.

ஆனால் எல்லா ஆசிரியர்களுக்கும் இது இல்லை. இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும். பாடமும் கணிதம், அறிவியல், மொழிகள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். தொடக்கப்பள்ளி ஆசிரியர் பட்டயம் மட்டும் வைத்திருப்பவரும், வரலாறு, வணிகவியல் ஆசிரியர்களும் இந்த வழியில் போக முடியாது. இதைச் சொல்லாமலே அவர்களிடமும் பணம் வாங்குபவர்கள் உண்டு என்பதால்தான் அழுத்திச் சொல்கிறோம். 'மொழிகள்' என்றதும் உங்கள் மொழிப்பாடம் அதில் சேருமா என்பதை விண்ணப்பத் தளத்தின் தொடக்கத்தில் வரும் தகுதிக் கேள்விகளிலேயே சரிபார்த்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

பட்டம், ஆசிரியர் பயிற்சி, குறைந்தது ஒரு கல்வியாண்டு பள்ளி அனுபவம், ஆங்கிலத் திறன் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். ஆங்கிலத்துக்கு பி2 என்ற நிலை வேண்டும். கல்லூரியில் ஆங்கில வழியில் படித்தவர் என்றால் 'பயிற்றுமொழி ஆங்கிலம்' என்று கல்லூரியோ பல்கலைக்கழகமோ தரும் கடிதத்தைக் காட்டலாம். தமிழ் வழியில் படித்தவர் அங்கீகரிக்கப்பட்ட ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதிக் காட்ட வேண்டும். அதற்குத்தான் செலவு ஆகும்.

பள்ளி அனுபவத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. நீங்கள் வேலை பார்த்ததாகச் சொல்லும் பள்ளியை அவர்களே மின்னஞ்சலில் தொடர்புகொண்டு கேட்பார்கள். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அலுவலக மெயிலை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. பதில் வராவிட்டால் உங்கள் விண்ணப்பம் அப்படியே நிற்கும். அதனால் விண்ணப்பிக்கும் முன்பே தலைமை ஆசிரியரையோ தாளாளரையோ நேரில் பார்த்து, "சார், இங்கிலாந்தில் இருந்து ஒரு மெயில் வரும், பதில் போட்டுடுங்க" என்று சொல்லி வையுங்கள். வெளிநாடு போவதைப் பள்ளியிடம் மறைக்க நினைப்பவர்களுக்கு இது சங்கடம்தான். ஆனால் வேறு வழி இல்லை.

கியூ.டி.எஸ். கிடைத்தால் அது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்துக்கு வேறு அமைப்பு, வேறு பதிவு. விசாவுக்கு, உங்களை ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்ற ஒரு பள்ளி வேலை தர வேண்டும். இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர் கியூ.டி.எஸ். இல்லாமலே அங்குள்ள அரசு நிதி பெறும் பள்ளிகளில் நான்கு ஆண்டுகள் வரை பணியாற்றச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கு அது கட்டாயமே இல்லை. எனவே "இந்தச் சர்டிபிகேட் இல்லாமல் உள்ளே கால் வைக்கவே முடியாது" என்பதும் முழு உண்மை அல்ல.

வளைகுடா: தாள்களின் பயணம்

ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறவர்களுக்குப் பாதி அலைச்சல் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. சில அமீரகங்களுக்குத் தனிக் கண்காணிப்பு அமைப்பு உண்டு. துபாயின் தனியார் பள்ளிகளை கே.எச்.டி.ஏ. பார்க்கிறது, அபுதாபியில் அடெக். உங்களை வேலைக்கு எடுக்கும் பள்ளிதான் இவர்களிடம் நியமன அனுமதிக்கு விண்ணப்பிக்கும். இதுபோக, அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் 2017இல் தொடங்கிய ஆசிரியர் உரிமத் திட்டமும் இருக்கிறது. அதில் பாட அறிவுக்கு ஒரு தேர்வு, கற்பிக்கும் முறைக்கு ஒரு தேர்வு.

ஆனால் இதற்கெல்லாம் அடிப்படை, சான்றொப்பம் இட்ட பட்டச் சான்று. இங்கிலாந்து, அமெரிக்கா, ஓமன் போன்ற நாடுகள் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கின்றன. இந்தியாவும் 2005 முதல் அதில் உறுப்பினர். அந்த நாடுகள் ஆவணம் கேட்டால், வெளியுறவு அமைச்சகத்தின் ஒரு அப்போஸ்டில் ஸ்டிக்கரோடு வேலை முடிந்தது. அமீரகமும் கத்தாரும் அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே போக, பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு, மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை, கடைசியில் அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை என்று ஒரே தாள் ஐந்து கை மாறும்.

பி.எட். சான்றுக்கு எங்கே போவது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது 2008இல். அதற்கு முன் பி.எட். முடித்தவர்களின் பட்டத்தை அந்தந்த வட்டாரப் பல்கலைக்கழகங்கள் வழங்கியிருக்கும். உங்கள் பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் உண்மைத்தன்மை கேட்க வேண்டும். நீங்கள் படித்த கல்லூரி இன்று யாருடன் இணைந்திருக்கிறது என்பது கணக்கில் வராது.

உண்மைத்தன்மைக் கடிதம் வாங்கும்போது அதில் 'முழுநேர, நேரடி வகுப்பு' என்று படித்த முறையையும் குறிப்பிடச் சொல்லுங்கள். அமீரகத்தில் பட்டத்துக்கு இணைத்தன்மை கேட்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ., எம்.எஸ்சி. முடித்து, அதையே பெரிய தகுதியாகக் காட்டிக் கிளம்புகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். உங்கள் பட்டம் தொலைதூரக் கல்வி என்றால், வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பள்ளியிடம் அதைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். இங்கே இருக்கிற வேலையை ராஜினாமா செய்துவிட்டு அங்கே போய்த் தெரிந்துகொள்கிற விஷயம் அல்ல இது.

வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பத்துக்கு டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை. சென்னையிலேயே வசதி இருக்கிறது. அமைச்சகம் அங்கீகரித்த சேவை நிறுவனங்கள் வழியாகத் தாள்களைக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல் அமைச்சக இணையதளத்தில் இருக்கிறது. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். சேவைக் கட்டணம் தனி. வெளியில் ஒரு தாளுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால், எது எதற்கு எவ்வளவு என்று ரசீது கேளுங்கள். இ-சனத் என்ற இணையதளம் வழியாக ஆன்லைனிலேயே சரிபார்ப்பை முடிக்கும் வழியும் உண்டு. உங்களுக்குச் சான்றிதழ் வழங்கிய அமைப்பு அதில் இணைந்திருந்தால் நிறைய அலைச்சல் மிச்சம்.

இனிஷியல் படுத்தும் பாடு

இது நம் ஊருக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றில் 'எஸ்.கவிதா'. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்து 'கவிதா செல்வம்'. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயர். நமக்கு மூவரும் ஒரே ஆள்தான். படிவத்தை அங்கே திறந்து பார்க்கிற அதிகாரிக்கு மூன்று பேர். இனிஷியலை விரித்ததால் வரும் வித்தியாசத்துக்குப் பல இடங்களில் நோட்டரி அஃபிடவிட் போதுமானதாக இருக்கும். பெயரே மாறியிருந்தால் தமிழ்நாடு அரசு எழுதுபொருள் அச்சுத் துறை மூலம் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் உறுதியான வழி. இதற்கு நேரம் எடுக்கும் என்பதால், வேலை உறுதியாகட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே ஆரம்பித்துவிடலாம்.

அமெரிக்காவுக்கு, பண்பாட்டுப் பரிமாற்ற ஜே-1 ஆசிரியர் விசாவில் போகிறவர்கள் அதிகம். குறைந்தது இரண்டு ஆண்டு கற்பித்தல் அனுபவம் வேண்டும். மூன்று ஆண்டுகள் பணியாற்றலாம், மேலும் இரண்டு ஆண்டு நீட்டிப்புக்கு இடம் உண்டு. உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. நம் மூன்றாண்டுப் பட்டத்தை அங்குள்ள நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக எல்லா மதிப்பீட்டு நிறுவனங்களும் ஏற்பதில்லை. ஆகவே பி.எட்., முதுகலைச் சான்றுகளையும் சேர்த்தே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள்.

அப்புறம், இன்ஸ்டாகிராமில் 999 ரூபாய்க்கு வருகிற 'சர்வதேச ஆசிரியர் சான்றிதழ்'. 120 மணி நேர டெஃபல் மாதிரியான குறுகிய படிப்புகள் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி மையங்களில் உதவலாம். ஆனால் அவை எந்த நாட்டின் ஆசிரியர் உரிமமும் அல்ல. கேம்பிரிட்ஜின் செல்டாவுக்கு மதிப்பு அதிகம். நேரில் வகுப்பெடுக்க வைத்து மதிப்பிடுவார்கள், கட்டணமும் அதற்கேற்ப இருக்கும். அதுவும் உரிமம் இல்லை. நம் 'டெட்' தேர்ச்சியும் அப்படித்தான். இங்கே அவசியம், அங்கே உரிமமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் கொடுக்கும் முன்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்றவரும்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். அதற்கும் ரசீது தர வேண்டும். 'கன்சல்டன்சி' என்று போர்டு மாட்டிக்கொண்டு லட்சத்தில் கேட்பவரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள்.

தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்படுகிறது. வெளிநாட்டு வேலைக்கான அறிவிப்புகளை அதன் இணையதளத்தில் பார்க்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர்கள், எந்த விண்ணப்பமும் போடும் முன் துறையின் அனுமதி பெறுவது தனி வேலை. அதை மறந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் வேறு கணக்குக்குப் போகும் முன் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே ஸ்கிரீன்ஷாட், அவர்கள் அனுப்பிய 'ஆஃபர் லெட்டர்' எதையும் அழித்துவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களை ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டு தர மறுத்தால், அதற்கும் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.